கிரப் தெருவும் தனிக் கோரிக்கைகளும்: சாமுவேல் ஜான்சனின் கூலி எழுத்து

முன்னுரை

இணையத்தில் எழுத்து வேலை தேடுவோருக்கு இன்று இரண்டு வழிகளில் வேலை கிடைக்கிறது. முதலாவது, எல்லோரும் காணும்படி பட்டியலிடப்படும் பொது வேலை. அதற்குப் பலர் விண்ணப்பிப்பர், ஒருவருக்குக் கிடைக்கும். இரண்டாவது, வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு மட்டும் அனுப்பும் தனிக் கோரிக்கை. இதில் போட்டி இல்லை, கூலியும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் பொது வேலையில் எழாத சில கேள்விகள் இங்கு எழுகின்றன. விலையை யார் சொல்வது? எழுத்து யார் பெயரில் வெளிவரும்? எழுதியவர் அதை வெளியே சொல்லலாமா? எழுதிக் கொடுத்த செய்தி பொய் என்று பின்னர் தெரிந்தால் பொறுப்பு யாருடையது?

இக்கேள்விகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இலண்டனில் எழுத்து ஒரு சந்தைப் பொருளானபோதே இவை எழுந்துவிட்டன. அச்சந்தையில் பிழைத்து, பின்னர் ஆங்கில இலக்கியத்தின் பேராளுமையாக உயர்ந்தவர் சாமுவேல் ஜான்சன் (1709–1784). அகராதி ஆசிரியராகவே அவரைப் பலரும் அறிவர். ஆனால் தம் வாழ்நாள் முழுவதும் பிறருக்காகவும் பிறர் பெயரிலும் அவர் எழுதிக் கொடுத்தார். முன்னுரை, காணிக்கையுரை, மறையுரை, சட்ட விரிவுரை, கருணை மனு எனப் பலவகை எழுத்துகள் அவற்றில் அடங்கும். தனிக் கோரிக்கைகளை அவர் எவ்வாறு கையாண்டார், எங்கே தவறினார், அத்தவறுகளிலிருந்து என்ன கற்றார் என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கிரப் தெரு என்னும் எழுத்துச் சந்தை

கிரப் தெரு இலண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த ஓர் எளிய தெரு. குறைந்த வாடகைக்கு அறைகள் கிடைத்ததால் கூலிக்கு எழுதுவோர் பலர் அங்கு வாழ்ந்தனர். நாளடைவில் அத்தெருவின் பெயரே கூலி எழுத்துக்கு மறுபெயராயிற்று. ஜான்சன் தம் அகராதியில் அப்பெயருக்குப் பொருள் எழுதும்போது, சிறு வரலாறுகளும் அகராதிகளும் அற்பாயுள் கவிதைகளும் எழுதுவோர் குடியிருந்த தெரு என்று தம்மையும் சேர்த்தே கேலி செய்துகொண்டார். 1830இல் அத்தெருவுக்கு மில்டன் தெரு என்று பெயர் மாற்றப்பட்டது.

இச்சந்தை உருவாக இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சட்டம். 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், நூலின் உரிமை முதலில் ஆசிரியருக்கே உரியது என்று அறிவித்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை உண்டு. அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிருடன் இருந்தால் இன்னும் 14 ஆண்டுகள் கிடைக்கும். எழுத்தாளரின் கையில் விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. இரண்டாவது காரணம் இதழ்களின் பெருக்கம். 1731இல் எட்வர்ட் கேவ் என்பவர் கிளர்க்கன்வெல்லில் உள்ள புனித ஜான் வாயிலில் இருந்து 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் இதழைத் தொடங்கினார். மாதந்தோறும் அதன் பக்கங்களை நிரப்ப எழுத்தாளர்கள் தேவைப்பட்டனர்.

அக்காலத்தில் பதிப்பிப்போர், விற்போர் ஆகிய இருவரையும் பெரும்பாலும் புத்தக வணிகர் என்றே அழைத்தனர். எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே நின்ற தரகர் இவரே. வேலை கொடுப்பதும் கூலி கொடுப்பதும் இவர் கையில் இருந்தன.

சந்தைக்கு வந்த ஜான்சன்

ஜான்சன் லிச்ஃபீல்ட் நகரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் சேர்ந்தாலும் பணமின்மையால் பட்டம் பெறாமலே படிப்பை நிறுத்தினார். 1737இல், பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான தம் மாணவர் டேவிட் காரிக்குடன் இலண்டனுக்கு வந்தார். கேவின் இதழில் மொழிபெயர்ப்பு, வாழ்க்கை வரலாறு, கவிதை, திருத்த வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1738இல் கேவுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் முடிவில், தாம் இன்னும் உண்ணவில்லை என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றைத் தம் பெயரோடு சேர்த்துக் கையொப்பமிட்டார். அந்த ஒரு சொல் அவரது அன்றைய நிலையைக் காட்டும்.

கேவ் கொடுத்த வேலைகளில் ஒன்று, பின்னாளில் ஜான்சனின் மனத்தை நெடுங்காலம் உறுத்தியது. நாடாளுமன்ற விவாதங்களை வெளியிட அப்போது தடை இருந்தது. ஆகவே லில்லிபுட் நாட்டு அவையின் விவாதங்கள் என்னும் புனைபெயரில் கேவ் அவற்றை வெளியிட்டார். 1740களின் தொடக்கத்தில் இவ்விவாதங்களை ஜான்சன் எழுதினார். அவைக்கு ஆள் அனுப்பிப் பெற்ற சில குறிப்புகளே அவர் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு முழு உரைகளையும் அவரே கற்பனையாக எழுதினார். அவ்வுரைகளை வாசகர்கள் உண்மையான உரைகளாகவே நம்புகின்றனர் என்று தெரிந்ததும் அவ்வேலையை விட்டுவிட்டார். தாம் எழுதியவற்றுள் மனச்சான்றை உறுத்தியது அது ஒன்றே என்று தம் இறுதி நாள்களில் நண்பர் ஒருவரிடம் கூறினார்.

இந்நிகழ்வு ஒரு முக்கியமான செய்தியைக் காட்டுகிறது. எழுதச் சொன்னவர், எழுதியவர் ஆகிய இருவருக்கும் உண்மை தெரியும். தெரியாதவர் வாசகர் ஒருவரே. பேரம் பேசும் இடத்தில் அவர் இல்லை. ஆனால் ஏமாற்றப்படுபவர் அவரே. இந்த மூன்றாம் ஆளைப் பற்றிய எண்ணம் ஜான்சனின் பிற்கால நடத்தையில் திரும்பத் திரும்ப வெளிப்படுவதைக் காணலாம்.

விலை பேசுதல்

கூலி எழுத்தில் ஜான்சன் பெற்ற தொகைகள் பலவும் பதிவாகியுள்ளன. அக்காலத்தில் 1 பவுண்டு என்பது 20 ஷில்லிங். 1 கினி என்பது 21 ஷில்லிங். எழுத்துக்கும் மருத்துவத்துக்கும் கூலியைக் கினியில் கணக்கிடுவது வழக்கம். 1738இல் 'இலண்டன்' என்னும் கவிதையை டாட்ஸ்லி என்னும் புத்தக வணிகருக்கு 10 கினிக்கு விற்றார். 1744இல் வெளிவந்த ரிச்சர்ட் சாவேஜ் என்னும் கவிஞரின் வரலாற்றுக்கு 15 கினி கிடைத்தது.

1746இல் புத்தக வணிகர் சிலர் கூடி, ஆங்கில மொழிக்கு ஓர் அகராதி செய்து தருமாறு அவரைக் கேட்டனர். 1,575 பவுண்டு, அதாவது 1,500 கினி என்று ஒப்பந்தமாயிற்று. தொகை பெரியதாகத் தோன்றினாலும், உதவி எழுத்தர் அறுவரின் கூலியும் பிற செலவுகளும் அதிலிருந்தே போக வேண்டும். மூன்று ஆண்டுகளில் முடிப்பதாக நினைத்தார். நூல் வெளிவந்தது 1755இல். பணம் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டதால், வேலை முடிவதற்குள் தொகை கரைந்துவிட்டது. அகராதி வெளிவந்து ஓராண்டு கூட ஆகாத நிலையில், 1756 மார்ச்சில் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 6 கினி அனுப்பி அவரை மீட்டார். ஒரே தொகைக்கு ஒப்புக்கொள்ளும் எழுத்தாளர், வேலை நீளும்போது தம் கைப்பணத்தையே செலவிடுகிறார் என்பதற்கு இது தெளிவான சான்று.

விலை சொல்வதில் அவருடைய மற்றொரு பிழை 1777இல் நிகழ்ந்தது. இலண்டன் புத்தக வணிகர் ஏறத்தாழ 40 பேர் கூடி, ஆங்கிலக் கவிஞர்களின் படைப்புகளைத் தொகுத்து வெளியிட முடிவு செய்தனர். ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு சிறு வரலாறு எழுதித் தருமாறு கேட்க மூவர் ஜான்சனிடம் வந்தனர். விலையை அவரே சொல்லலாம் என்றனர். அவர் கேட்டது 200 கினி. உடனே ஒப்புக்கொண்டனர். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கேட்டிருந்தாலும் தயங்காமல் கொடுத்திருப்பர் என்று அவருடைய நண்பரும் அறிஞருமான எட்மண்ட் மலோன் பின்னர் எழுதினார். சில பக்கங்கள் என்று தொடங்கிய வேலை, 1779 முதல் 1781 வரை வெளிவந்த பெருநூலாக வளர்ந்தது. வணிகர்கள் பின்னர் மேலும் ஒரு தொகை கொடுத்தனர். அவர்கள் குறைவாகக் கொடுத்தார்கள் என்று ஜான்சன் குறைகூறவில்லை. தாம்தான் கூடுதலாக எழுதிவிட்டதாகச் சொன்னார்.

பெயரின்றி எழுதியவை

புத்தக வணிகர்களின் வேலை வெளிப்படையானது. அதற்கு அப்பால் நண்பர்களும் அறிமுகமானவர்களும் முகமறியாதவர்களும் தனியாக வந்து கேட்ட எழுத்துகள் பல. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை காணிக்கையுரை. அக்காலத்தில் நூலாசிரியர் தம் நூலை அரச குடும்பத்தினருக்கோ பிரபுக்களுக்கோ காணிக்கையாக்கி ஒரு புகழுரை எழுதுவது வழக்கம். அது நயமாக அமைந்தால் பரிசு கிடைக்கும். இவ்வகை உரை எழுதுவதில் ஜான்சன் வல்லவர். சார்லட் லெனாக்ஸ் 1752இல் வெளியிட்ட 'பெண் குயிக்சாட்' நாவலின் காணிக்கையுரையும், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1778இல் தம் சொற்பொழிவு நூலுக்கு அரசரை நோக்கி வெளியிட்ட காணிக்கையுரையும் ஜான்சன் எழுதியவை. அரச குடும்பத்தார் அனைவருக்குமே தாம் காணிக்கை எழுதிவிட்டதாக அவர் வேடிக்கையாகக் கூறியதுண்டு. ஆனால் தம் சொந்த நூல் எதையும் அவர் யாருக்கும் இவ்வாறு காணிக்கையாக்கவில்லை.

இரண்டாம் வகை முன்னுரை. 1756இல் ரிச்சர்ட் ரோல்ட் வெளியிட்ட வணிக அகராதிக்கு ஜான்சன் முன்னுரை எழுதினார். அந்த ஆசிரியரை அவர் பார்த்ததில்லை, நூலையும் படித்ததில்லை. இத்தகைய அகராதி எப்படி இருக்க வேண்டும் என்று தமக்குத் தெரியும் என்றும், அதன்படியே எழுதியதாகவும் பின்னர் விளக்கினார்.

மூன்றாம் வகை மறையுரை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் உரையாற்ற வேண்டிய பாதிரியார் சிலர் அவரிடம் உரைகளை விலைக்கு வாங்கினர். பள்ளித் தோழரான ஜான் டெய்லர் அவர்களுள் முதன்மையானவர். மாலை உணவுக்குப் பின் ஒரு மறையுரையைத் தொடங்கி, அன்றிரவே அஞ்சலில் அனுப்பியதும் உண்டு என்று ஜான்சன் கூறியுள்ளார். ஏறத்தாழ 40 மறையுரைகள் எழுதியதாக அவரே கணக்குச் சொன்னார். அவற்றில் பல இப்போது யாரிடம் உள்ளன என்று கேட்டபோது, தாம் அவற்றுக்குப் பணம் பெற்றுவிட்டதால் அதைப் பற்றி விசாரிக்கும் உரிமை தமக்கில்லை என்று பதிலளித்தார். அவர் வரலாற்றை எழுதிய ஜான் ஹாக்கின்ஸ் இதைப் பதிவு செய்துள்ளார். டெய்லர் 1788இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற மறையுரைகள் என்று இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி ஜான்சனுடையது என்று அறிஞர்கள் இன்று கொள்கின்றனர்.

விற்ற பொருள் வாங்கியவருக்கே முழுவதும் சொந்தம் என்பது ஜான்சனின் முதல் விதி. பெயரும் அதனுடன் போய்விடுகிறது. தமக்குப் புகழ் வரவில்லை என்று பின்னர் வருந்துவதோ, உரிமை கோருவதோ முறையன்று என்று அவர் கருதினார்.

லாடர் விவகாரம்

வாங்கியவர் பொய்யராக இருந்தால் இவ்விதி என்னாகும்? இக்கேள்வி 1750இல் ஜான்சன் முன் வந்து நின்றது.

வில்லியம் லாடர் என்பவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இலத்தீன் அறிஞர். மில்டன் தம் 'இழந்த சொர்க்கம்' காவியத்தை, அவருக்கு முற்பட்ட இலத்தீன் கவிஞர்களிடமிருந்து திருடி எழுதினார் என்று 1747 முதல் கேவின் இதழில் அவர் எழுதி வந்தார். பின்னர் அதை நூலாக்கினார். அந்நூலுக்கு முன்னுரையும் பின்னுரையும் எழுதித் தருமாறு ஜான்சனிடம் கேட்டார். ஜான்சன் எழுதிக் கொடுத்தார். வறுமையில் வாடிய மில்டனின் பேத்திக்கு உதவுமாறு பின்னுரையில் ஒரு வேண்டுகோளையும் சேர்த்திருந்தார்.

1750இல் ஜான் டக்ளஸ் என்னும் பாதிரியார் உண்மையை வெளிக்கொணர்ந்தார். மில்டனின் காவியத்தை வில்லியம் ஹாக் என்பவர் முன்பே இலத்தீனில் மொழிபெயர்த்திருந்தார். அம்மொழிபெயர்ப்பின் வரிகளை எடுத்துப் பழைய கவிஞர்களின் மேற்கோள்களுக்குள் லாடர் செருகியிருந்தார். திருட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட வரிகள் மில்டனின் வரிகளே. முன்னுரை எழுதியவரும் இந்த ஏமாற்றில் பங்காளியா என்னும் ஐயம் எழுந்தது.

ஜான்சன் தம் பழைய விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. பணம் பெற்றேன், கொடுத்தேன், அதன்பின் எனக்குத் தொடர்பில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். மாறாக, லாடரை அழைத்து, குற்றத்தை முழுவதும் ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றைத் தாமே சொல்லி எழுதச் செய்தார். டக்ளஸுக்கு எழுதப்பட்ட அக்கடிதம் லாடரின் கையொப்பத்துடன் அச்சாயிற்று. பொய்க்கு முன்னுரை எழுதிய அதே கைதான் ஒப்புதலையும் எழுதியது. அதே ஆண்டு ஏப்ரலில், மில்டனின் பேத்திக்காக டுரூரி லேன் அரங்கில் நடந்த உதவி நாடகத்துக்கு ஜான்சன் ஒரு முகப்புக் கவிதையும் எழுதியிருந்தார்.

மேற்கோள்களை மூல நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தது அவருடைய குறை. ஆனால் எழுத்தை விற்றாலும் அதன் விளைவுக்கான பொறுப்பை விற்க முடியாது என்பதை அவர் செயலால் ஒப்புக்கொண்டார்.

ஆக்ஸ்போர்டு சட்ட விரிவுரைகள்

1766இல் ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் இளைஞர் ஆக்ஸ்போர்டில் ஆங்கிலச் சட்டப் பேராசிரியரானார். அப்பதவியில் அவருக்கு முன் இருந்தவர், ஆங்கிலச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதிப் பெரும்புகழ் பெற்ற வில்லியம் பிளாக்ஸ்டோன். அத்தகையவருக்குப் பின் மேடையேற அஞ்சிய சேம்பர்ஸால் விரிவுரைகளை எழுதத் தொடங்கவே இயலவில்லை. ஜான்சன் அவருக்குத் துணை நின்றார். அவ்விரிவுரைகளின் உருவாக்கத்தில் ஜான்சனுக்குக் கணிசமான பங்கு உண்டு. இருவரும் இதை வெளியே சொல்லவில்லை. ஜான்சனின் வாழ்வை நுணுகி நுணுகி எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல்லின் நூலிலும் இச்செய்தி இடம்பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் இதை விரிவாக வெளிப்படுத்தினர். சேம்பர்ஸ் 1774இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இந்தியாவுக்கு வந்தார். பின்னர் அங்கேயே தலைமை நீதிபதியாகவும் இருந்தார்.

டாட் வழக்கு: மௌனத்தின் எல்லை

ஜான்சனுக்கு வந்த தனிக் கோரிக்கைகளில் மிகவும் கடினமானது 1777இல் சிறையிலிருந்து வந்தது.

வில்லியம் டாட் இலண்டனின் புகழ்பெற்ற பாதிரியார், ஆடம்பரமாக வாழ்ந்தவர். கடன் தொல்லையால், தம் பழைய மாணவரான செஸ்டர்ஃபீல்ட் பிரபுவின் பெயரில் 4,200 பவுண்டுக்குப் பொய்ப் பத்திரம் ஒன்றை உருவாக்கிப் பணம் பெற்றார். பொய்க் கையொப்பத்துக்கு அக்காலச் சட்டம் மரண தண்டனை விதித்தது. டாட் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

ஜான்சனுக்கும் டாட்டுக்கும் நெருங்கிய பழக்கம் இல்லை. ஹாரிங்டன் சீமாட்டி எழுதிய கடிதத்தை, ஜான்சனின் அண்டை வீட்டுக்காரரான ஆலன் என்னும் அச்சகத்தார் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்த ஜான்சன் மிகவும் கலங்கினார், தம்மால் இயன்றதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்படும் முன் டாட் நீதிமன்றத்தில் பேசிய உரை, அரசருக்கும் அரசிக்கும் அனுப்பிய மனுக்கள், உயர் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை ஜான்சன் எழுதினார். நியூகேட் சிறைக் கோயிலில் சக கைதிகளுக்கு டாட் ஆற்றிய மறையுரையும் பெரும்பாலும் அவர் எழுதியதே. இதற்காக அவர் கூலி எதுவும் பெறவில்லை. அரசருக்கான கடிதத்தை அனுப்பும்போது, தாம் எழுதியது யாருக்கும் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டார். நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்றும் டாட்டை எச்சரித்தார். 20,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவும் பயனளிக்கவில்லை. 1777 ஜூன் 27 அன்று டாட் தூக்கிலிடப்பட்டார்.

அந்த மறையுரை அச்சானபோது, டாட்டின் வழக்கமான எழுத்தைவிட இதில் வலிமை அதிகம் என்று நண்பர் ஒருவர் ஐயம் கிளப்பினார். இரண்டு வாரத்தில் தூக்கு என்று தெரிந்த மனிதனின் மனம் நன்றாகவே ஒருமுகப்படும் என்று ஜான்சன் சொல்லிச் சமாளித்தார். அப்பதில் இன்று பழமொழி போல் வழங்குகிறது. அது தம் வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்கச் சொன்ன பதில் என்பதைப் பலரும் அறிவதில்லை.

அது பொய்க்குத் துணைபோவது ஆகாதா என்று பாஸ்வெல் பின்னர் நேரடியாகக் கேட்டார். ஜான்சனின் விளக்கம் கவனிக்கத்தக்கது. தம் பெயரில் பயன்படுத்துவதற்காகவே டாட் அதைப் பெற்றார். அது அவருக்குப் பயன்படும்வரை எழுதியவர் வெளியே சொல்லக் கூடாது என்பது அதில் அடங்கிய வாக்குறுதி. அதை மீறுவது வாக்குத் தவறுவதாகும். தாம் நேரடியாகப் பொய் சொல்லவில்லை என்றும், ஐயத்தை ஐயமாகவே விட்டதாகவும் கூறினார். அதே வேளையில், அந்த எழுத்து தம்முடையது என்ற எண்ணத்தையே உலகில் விட்டுச்சென்ற டாட்டின் செயலை அவர் ஏற்கவில்லை. உயிர் காக்கும் முயற்சிக்கு மௌனம் தகும், செத்தபின் நிற்கும் பொய்ப்புகழுக்குத் தகாது என்பதே அவர் கண்ட எல்லை.

அதே 1777இல், டெய்லரின் ஆஷ்போர்ன் இல்லத்தில் தங்கியிருந்தபோது மற்றொரு கோரிக்கை வந்தது. ஜமைக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட் என்னும் ஆப்பிரிக்கர், தாம் அடிமையல்லர் என்று வழக்குத் தொடுத்திருந்தார். அதற்கு ஒரு வாதம் வேண்டும் என்று பாஸ்வெல் கேட்டார். எந்த மனிதனும் இயல்பில் பிறருக்கு உடைமை ஆக முடியாது என்னும் வாதத்தை ஜான்சன் சொல்லச் சொல்லப் பாஸ்வெல் எழுதினார். 1778 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றம் நைட்டின் பக்கம் தீர்ப்பளித்தது.

இணையச் சந்தையில் தனிக் கோரிக்கை

கூலி எழுத்தாளரைக் குறிக்க இன்று வழங்கும் 'ஃப்ரீலான்ஸ்' என்னும் சொல் ஜான்சன் காலத்துக்குப் பிற்பட்டது. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில், கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரர்களைக் குறிக்க அது வந்தது. பின்னர் எழுத்தாளருக்கும் பிற தொழிலாளருக்கும் ஆயிற்று. இணையத்தில் இதற்கான சந்தைகள் 1990களின் இறுதியில் தோன்றின. ஈலான்ஸ் 1999இலும், ஓடெஸ்க் 2003இலும் தொடங்கின. அவ்விரண்டும் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. 2010இல் ஃபைவர் வந்தது.

கிரப் தெருவின் புத்தக வணிகர் இருந்த இடத்தில் இன்று தளம் நிற்கிறது. வாடிக்கையாளரின் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, வேலை ஏற்கப்பட்டபின் எழுத்தாளருக்குக் கொடுக்கிறது. இதற்காக ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஃபைவரில் அது எழுத்தாளரின் வருவாயில் 20 விழுக்காடு. அறிமுகமான இருவரும் தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் கொடுத்து வாங்குவதை இத்தளங்கள் தடை செய்கின்றன. அப்வொர்க்கில் அத்தடை இரண்டு ஆண்டுகளுக்கு நீடிக்கும். வெளியே போனால் கழிவு மிச்சம். ஆனால் முன்பணமும் முறையீட்டு வழியும் அங்கு இல்லை. கூலி வராவிட்டால் எழுத்தாளர் தனியே நிற்க நேரும்.

ஜான்சனின் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், தனிக் கோரிக்கையை ஏற்கும் முன் தெளிவாக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, வேலையின் அளவும் விலையும். எத்தனை சொற்கள், எத்தனை முறை திருத்தம், எந்த நாளுக்குள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அகராதியிலும் கவிஞர் வரலாறுகளிலும் வேலை வளர்ந்தது, விலை அதற்கு ஈடாக வளரவில்லை.

இரண்டாவது, உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையை விற்றபின்னும் படைப்பின் ஆசிரியர் தாமே என்று கோரும் சிறப்புரிமையை அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது.

மூன்றாவது, மௌனம். எழுதியதை மாதிரியாகப் பிறருக்குக் காட்டலாமா, கூடாதா என்பதை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். சொல்லப்படாத வாக்குறுதியையும் ஜான்சன் மதித்தார். இன்று அதைச் சொல்லி வைத்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

நான்காவது, வாசகர். மேலாளரின் உரையைப் பிறர் எழுதிக் கொடுப்பது யாவரும் அறிந்த வழக்கம், அதனால் கேட்பவர் ஏமாறுவதில்லை. வாங்காத பொருளுக்கு வாடிக்கையாளர் கருத்து எழுதுவதும், மாணவருக்காகத் தேர்வுக் கட்டுரை எழுதுவதும் அவ்வாறல்ல. முன்னதைப் படித்து ஒருவர் பணத்தை இழக்கிறார். பின்னதைக் கொண்டு தகுதியில்லாதவர் பட்டம் பெறுகிறார். மாணவருக்குக் கட்டுரை விற்கும் தொழிலை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டத்தால் தடை செய்தன. இன்றைய அளவுகோலால் அளந்தால், சேம்பர்ஸுக்கு ஜான்சன் செய்த உதவியும் கேள்விக்குரியதே.

முடிவுரை

கிரப் தெரு இன்று இலண்டன் வரைபடத்தில் இல்லை. ஆனால் அங்கே பேசப்பட்ட பேரம் இன்றும் நடக்கிறது. ஜான்சன் தம் எழுத்தை விற்றார், பெயரை விட்டுக்கொடுத்தார், கேட்டவருக்காக வாய்மூடி இருந்தார். இம்மூன்றையும் அவர் இழிவாகக் கருதவில்லை, கூலி பெற்று எழுதுவதை நேர்மையான தொழிலாகவே எண்ணினார். லில்லிபுட் விவாதங்களும் லாடர் விவகாரமும் அவருக்கு மற்றொன்றைக் கற்பித்தன. எழுதுபவரும் எழுதச் சொல்பவரும் எவ்வளவு இரகசியமாகப் பேசினாலும், முடிவில் அதைப் படிக்கப் போகிறவர் மூன்றாம் ஒருவர். தனிக் கோரிக்கை கையில் வரும்போது அந்த மூன்றாம் ஆளையும் நினைத்து ஏற்பதோ மறுப்பதோ, அன்றும் இன்றும் எழுதுபவரின் பொறுப்பே.